ரிங் தியரியா, லிப்பிட் சிக்னலிங்கா: பிஎச்டி சேரப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

எம்எஸ்சி கணிதம் முடித்த நாளிலிருந்து பிஎச்டியில் சேர்ந்த நாள் வரை எனக்கு இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆயின. அதில் படிப்புக்காகப் போனது பாதிதான். மீதி, தவறான தேதி போட்ட சான்றிதழ், தவறவிட்ட விண்ணப்பம், பதில் வராத மின்னஞ்சல் என்று கரைந்தது. நான் இப்போது செய்வது ரிங் தியரி, அதாவது வளையக் கோட்பாடு; கூட்டவும் பெருக்கவும் முடிகிற கணங்களைப் பற்றிய கணிதம். என் அறைத்தோழி செய்வது செல்லுக்குள் நடக்கும் லிப்பிட் சிக்னலிங், அதாவது கொழுப்பு வகை மூலக்கூறுகள் வழியாகச் செல் செய்தி கடத்தும் விதம். அவளுக்கு ஒன்றரை வருடம் போனது.

இந்த இரண்டு துறைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்கு வேண்டியது பேப்பரும் பேனாவும். அவளுக்குக் குளோரோஃபார்மும் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரும் வேண்டும். ஆனால் உள்ளே நுழையும் வாசல் ஒன்றுதான். அதே நெட் (தேசியத் தகுதித் தேர்வு), அதே தாசில்தார் அலுவலகம், அதே மைக்ரேஷன் சர்டிஃபிகேட். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தியாவுக்குள் சேர்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கட்டணமும் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறும். அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தலைப்பைக் குறுக்குங்கள்

"எனக்கு ரிங் தியரி பிடிக்கும்" என்று சொன்னால், எதிரே இருப்பவர் கேட்கப் போகும் முதல் கேள்வி, "எந்த ரிங்?"

பெருக்கலில் வரிசையை மாற்றினாலும் விடை மாறாத வளையங்கள் ஒரு தெரு. அது கம்யூட்டேட்டிவ் அல்ஜீப்ரா. அந்தத் தெரு நேராக அல்ஜீப்ரிக் ஜியாமெட்ரிக்குப் போகும். மேட்ரிக்ஸ் போல வரிசை மாறினால் விடையும் மாறுகிற வளையங்கள் இன்னொரு தெரு. கணிதப் பாடப்பிரிவு எண்களில் முதலாவதற்கு 13, இரண்டாவதற்கு 16. ஒரு தெருவில் இருக்கும் பேராசிரியருக்குப் பக்கத்துத் தெருவில் நடப்பது பெரும்பாலும் தெரியாது. நான் முதல் ஆறு மாதம் 16இல் இருப்பவர்களுக்கு 13இன் ஆசையை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பதில் வராததில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு ஒரு எளிய வேலை இருக்கிறது. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை முன்கூட்டியே போட்டு வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இரண்டு பிரிவுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு, பணம் கட்ட வேண்டாம். ஒரு மாதம் தினமும் காலையில் பத்து நிமிடம் அன்றைய சுருக்கங்களைப் படியுங்கள். பத்தில் ஒன்பது புரியாது. பரவாயில்லை. எம்எஸ்சியில் கேட்ட சொல் ஒன்றாவது இருக்கிற சுருக்கங்களை மட்டும் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் எந்தக் குவியல் பெரிதாக இருக்கிறதோ, அதுதான் உங்கள் தெரு.

லிப்பிட் பக்கமும் இதே கதைதான். லிப்பிட் என்றதும் வீட்டில் எல்லோரும் கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள். சிக்னலிங்கில் வருவது செல் சவ்வில் மிகக் குறைவாகவே இருக்கும் சில லிப்பிட்கள். பிப்-2 என்று சுருக்கமாகச் சொல்லும் பாஸ்போஇனோசிடைடு அதில் ஒன்று. வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வந்ததும் பிஎல்சி என்ற நொதி அதை இரண்டாக வெட்டும். ஒரு துண்டு ஐபி-3. அது உள்ளே போய்க் கால்சியத்தைத் திறந்து விடும். மற்றது டிஏஜி; அது சவ்விலேயே தங்கும். இன்சுலின் வழியாக வரும் பிஐ-3 கைனேஸ் வேறு கூட்டம், ஸ்பிங்கோலிப்பிட்காரர்கள் வேறு கூட்டம். எந்த லிப்பிட், எந்த செல், எந்த உயிரி என்ற மூன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்த பிறகு விண்ணப்பம் போடுங்கள்.

தோழி எல்லாப் புதியவர்களிடமும் சொல்கிற ஒன்று: லிப்பிட்டுக்கு நேரடி ஜீன் கிடையாது. புரதத்தை நீக்குவது போல லிப்பிட்டை நீக்க முடியாது, அதைச் செய்கிற நொதியையோ உடைக்கிற நொதியையோதான் நீக்க முடியும். இது தெரியாமல் "பிப்-2வை நாக்-அவுட் செய்வேன்" என்று எழுதிய ஆய்வுத் திட்டங்களை அவளே பார்த்திருக்கிறாள்.

2. விண்ணப்பத்துக்கு முன்பே கைடைத் தேடுங்கள்

நான் தலைகீழாகச் செய்தேன். தேர்வு எழுதி, இடம் கிடைத்த பிறகு கைடு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இடம் கிடைத்த ஒரு பல்கலைக்கழகத்தில் என் துறையில் இருந்த ஒரே பேராசிரியருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. விண்ணப்பக் கட்டணமும் போனது, அரை வருடமும் போனது.

அதே விதியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. காலி இடம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

இடங்கள் என்று பார்த்தால், கணிதத்துக்குச் சென்னையைச் சுற்றியே நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம், தரமணியில் கணித அறிவியல் கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் நிறுவனம், ஐஐடி மெட்ராஸ். வெளியே மும்பையில் டிஐஎஃப்ஆரும் (டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம்) ஐஐடியும். லிப்பிட் பக்கம் போகிறவர்கள் பெங்களூரின் என்சிபிஎஸ்ஸை (தேசிய உயிரியல் மையம்) கட்டாயம் பாருங்கள். ஈக்களின் கண்ணை வைத்துப் பாஸ்போஇனோசிடைடு சிக்னலிங் செய்யும் குழு அங்கே இருக்கிறது.

பேராசிரியரின் பெயரை கணிதத்துக்கு ஸீபிமேத் தளத்திலும், உயிரியலுக்குப் பப்மெட்டிலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் இலவசம். கடைசி மூன்று வருடத்தில் என்ன வெளியிட்டார், அவருடைய மாணவர்கள் முதல் ஆசிரியராக வருகிறார்களா என்பதைப் பாருங்கள். ஒரே ஆண்டில் முப்பது கட்டுரை போட்டிருக்கும் ரிங் தியரிக்காரரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நல்ல நிரூபணம் அவ்வளவு வேகமாக வராது.

மின்னஞ்சல் ஆறு வரிக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், எங்கே படித்தீர்கள், எந்தத் தேர்வு எழுதியிருக்கிறீர்கள் என்று இரண்டு வரி. அவருடைய ஒரு கட்டுரையில் எந்தப் பகுதி வரை புரிந்தது, எங்கே நின்றது என்று மூன்று வரி. இடம் இருக்கிறதா என்று ஒரு வரி. எனக்கு முதன்முதலில் பதில் வந்த கடிதத்தில், "இரண்டாவது லெம்மாவில் வளையம் நோத்தேரியன் என்பது எங்கே பயன்படுகிறது என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தேன். பதில் ஒரே வரி: "கடைசி வாக்கியத்தில். ஆனால் தேவையில்லை என்று நினைக்கிறேன், யோசித்துப் பாருங்கள்." அவர்தான் இப்போது என் கைடு. அதற்கு முன் "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பியதில் ஒரு பதில்கூட வரவில்லை.

இன்னும் எம்எஸ்சி படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: கணிதத்தில் கோடைக்கால எம்டிடிஎஸ் பயிற்சி, தேசியக் கணித மையத்தின் பயிற்சிப் பள்ளிகள், இரண்டு துறைக்கும் அறிவியல் அகாடமிகளின் இரண்டு மாதக் கோடை ஃபெல்லோஷிப். பின்னால் பரிந்துரைக் கடிதம் தரப்போகிறவர்களை நீங்கள் சந்திப்பது இங்கேதான்.

3. எந்தத் தேர்வு, எப்போது

இரண்டு துறைக்கும் பொது சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட். ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை. மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். பொதுப் பிரிவினருக்கு எம்எஸ்சியில் 55 சதவீதம் வேண்டும். கட்டணம் 2024இல் பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய், ஓபிசிக்கு 600, எஸ்சி, எஸ்டிக்கு 325.

கணிதத் தாளில் எல்லோரும் விழுகிற குழி சி பகுதி. 60 கேள்வியில் 20க்குப் பதில் எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 4.75. ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம். சரியான அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். மூன்றில் இரண்டைக் குறித்தால் பூஜ்யம். இந்தப் பகுதியில் நெகட்டிவ் மார்க் இல்லை என்பதால் எல்லாவற்றையும் தொடத் தோன்றும். தொடாதீர்கள். நாலு விடையையும் ஒவ்வொன்றாக ஆம், இல்லை என்று சொல்ல முடிகிற பத்துப் பன்னிரண்டு கேள்வியை முதலில் முடியுங்கள். நேரம் மிஞ்சினால் மற்றதைப் பார்க்கலாம். பி பகுதியில் தவறுக்கு 0.75 போகும். உயிர் அறிவியல் தாளில் சி பகுதி 75 கேள்வியில் 25, தலைக்கு நாலு மதிப்பெண், அங்கே தவறுக்குக் கால்பங்கு போகும். தோழிக்கு முதல் முறை கை நழுவியது இதில்தான்.

2024 முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப் (மாத உதவித்தொகை கிடைக்கும் இளநிலை ஆய்வாளர் தகுதி), உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும். கடைசி வகையில் வந்தவர்களுக்கு அந்த மதிப்பெண் பிஎச்டி சேர்க்கைக்கு ஒரு வருடம்தான் செல்லும். "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

மற்றவை: கணிதத்துக்குத் தேசிய உயர்கணித வாரியத்தின் தேர்வு. சென்னை கணிதவியல் கழகத்துக்குத் தனித் தேர்வு, வழக்கமாக மே மாதத்தில். டிஐஎஃப்ஆர் தேர்வு டிசம்பரில். என்சிபிஎஸ் போக நினைக்கும் உயிரியல்காரர்களுக்கும் அதே காலத்தில் ஒரு கூட்டு நுழைவுத் தேர்வு உண்டு. பிப்ரவரியில் கேட் (GATE) தேர்வு, அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், ஐஐடிகளில் உதவும். உயிரியலுக்கு மட்டும் டிபிடி (உயிரித்தொழில்நுட்பத் துறை), ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தரும் ஜேஆர்எஃபும் உண்டு; எந்தத் தேர்வு வழியாக என்பதை அந்த ஆண்டின் அறிவிக்கையில் பாருங்கள்.

பொறி எங்கே என்றால், ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே சில விண்ணப்பங்கள் மூடிவிடும். எம்எஸ்சி கடைசி வருடத்தின் தீபாவளிக்கு முன்பே உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாக் கடைசித் தேதியையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நான் எம்எஸ்சி முடிந்த பிறகு தேடத் தொடங்கியதால் ஒரு முழுச் சுற்று போய்விட்டது. தேர்வு நாளும் நகரும். 2024 ஜூன் 25 முதல் 27 வரை நடக்க இருந்த நெட் ஒரு மாதம் தள்ளி ஜூலை 25இல்தான் தொடங்கியது. திரும்பப் பணம் கிடைக்கிற மாதிரி டிக்கெட் எடுங்கள்.

4. சான்றிதழ்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தியரம் தெரியாமல் யாரும் அழுது நான் பார்த்ததில்லை, சான்றிதழ் கவுன்ட்டரில் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி நான்.

பெயர். நம் ஊர் இனிஷியல்தான் முதல் வில்லன். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். எம்எஸ்சி மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால், புள்ளி இல்லாமல். வடக்கே இருக்கும் அலுவலருக்கு இவை மூன்று பேர். விண்ணப்பத்தில் எப்போதும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், யோசித்துச் செய்யுங்கள். மற்றதற்கு "இருவரும் ஒருவரே" என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஓபிசி சான்றிதழ். நம்மிடம் இருக்கும் நிரந்தர சாதிச் சான்றிதழில் பிசி அல்லது எம்பிசி என்று இருக்கும். மத்திய நிறுவனங்களுக்கு அது போதாது. கிரீமி லேயரில் இல்லை என்று மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேலே போகும். எனக்குப் பதினாறு நாள் ஆனது. மாநிலத்தில் பிசியாக இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இருக்காது. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

இதில் நான் மாட்டிய கதையைச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே செய்கிறேன் என்று மார்ச் 27 தேதியிட்ட சான்றிதழ் வாங்கி வைத்திருந்தேன். நேர்முகம் மே மாதம். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். கவுன்ட்டரில் இருந்த அம்மா தேதியை விரலால் தொட்டு, "பழைய நிதியாண்டு" என்று சொல்லித் தாளை என் பக்கம் தள்ளினார். ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதுதான் செல்லுமாம். அறிவிக்கையில் பதினோராவது பக்கத்தில் அது இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பொதுப் பிரிவில் உட்கார வைத்தார்கள், இடம் கிடைக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: ஏப்ரல் முதல் வாரத்தில் இ-சேவை மையத்துக்குப் போங்கள். அதற்கு முன்னாலும் வேண்டாம், மே வரை தள்ளவும் வேண்டாம்.

பட்டம் சார்ந்தவை. ப்ரொவிஷனல், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், டிசி, நன்னடத்தைச் சான்று, மைக்ரேஷன். வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மைக்ரேஷன் இல்லாமல் பதிவே செய்ய மாட்டார்கள், அது வரச் சில வாரம் ஆகும். எம்எஸ்சி முடிவு வந்த அன்றே விண்ணப்பியுங்கள். டிசி ஒரிஜினலைச் சேரும் இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன் அட்டெஸ்ட் செய்த மூன்று நகல் எடுத்துவிடுங்கள். மதிப்பெண் சிஜிபிஏவாக இருந்தால் அதைச் சதவீதமாக மாற்றும் கணக்கைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பத்தால் பெருக்கினால் போதும் என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

பரிந்துரைக் கடிதம். இப்போது பெரும்பாலும் பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு போகும், அவர் அதில் ஏற்ற வேண்டும். நம் கல்லூரி ஆசிரியர்கள் பலர் தினமும் மின்னஞ்சல் பார்ப்பவர்கள் அல்ல. கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பே நேரில் போய், "மேடம், ஸ்பேமில் வந்திருக்கலாம்" என்று பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்குக் கடிதம் எழுதியவர் கணினி அறையில் நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் ஏற்றினார். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆய்வுத் திட்டம் கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அதற்கென்று ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே "சினாப்சிஸ் செய்து தரப்படும்" என்று போர்டு தொங்கும். போகாதீர்கள். பத்துப் பேருக்கு ஒரே சினாப்சிஸில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள்.

5. பணம்

சேரும் வரை எனக்கு ஆன செலவு பதினொன்றாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். தேர்வு, விண்ணப்பக் கட்டணங்கள் பாதி. மீதி ரயில், தங்கும் செலவு, ஸ்பீட் போஸ்ட், நோட்டரி, ஜெராக்ஸ். சில நிறுவனங்கள் நேர்முகத்துக்கு வந்த ரயில் கட்டணத்தைத் தருவார்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஜேஆர்எஃப் கிடைத்தால் 2023 ஜனவரி முதல் உள்ள கணக்குப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதன் பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000. விடுதியில் இடம் எடுத்தால் வீட்டு வாடகைப் படி கிடையாது, வெளியே தங்கினால் உண்டு. சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃபுக்கு வருடத்துக்கு 20,000 கன்டின்ஜென்சியும் (ஆய்வுச் செலவுக்கான தொகை) உண்டு. எனக்கு அது புத்தகமும் பயணமும். தோழிக்கு அது ஒரு ஆன்டிபாடிக்குக்கூடப் போதாது. லேபின் ப்ராஜெக்ட் பணம் இல்லாமல் உயிரியல் நடக்காது. அதனால் உயிரியலில் சேர்பவர்கள் கைடிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி, "இப்போதைய கிராண்ட் எப்போது முடிகிறது?"

ஜேஆர்எஃப் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 8,000 தருவார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பல இடத்தில் அதுவும் இருக்காது. வீட்டில் இதை முன்பே பேசிவிடுங்கள்.

ஸ்டைபண்ட் முதல் மாதமே வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஜாயினிங் ரிப்போர்ட், வங்கி விவரம், வருகைச் சான்று என்று ஒவ்வொரு மேசையாக நகரும். எனக்கு முதல் தொகை ஐந்தாவது மாதம் மொத்தமாக வந்தது. அதுவரை மெஸ் பில்லை அக்கா கட்டினாள். நாலைந்து மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சேருங்கள்.

6. நேர்முகம்

கணித நேர்முகத்தில் பெரிய தியரங்களைக் கேட்க மாட்டார்கள். சின்ன உதாரணத்தைக் கொடுத்துப் போர்டுக்கு அனுப்புவார்கள். எனக்கு வந்தது இது: முழு எண்களைக் கெழுவாகக் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளின் வளையத்தில், இரண்டும் எக்ஸும் சேர்ந்து உருவாக்கும் ஐடியலை (வளையத்துக்குள் இருக்கும் ஒரு தனி வகை உட்கணம்) ஒரே உறுப்பால் உருவாக்க முடியுமா?

முடியாது என்று தெரியும். ஏன் என்று சொல்ல வேண்டும். அப்படி ஓர் உறுப்பு இருந்தால் அது இரண்டை வகுக்க வேண்டும், ஆகவே அது ஒன்று அல்லது இரண்டு, குறி மாறலாம். அது எக்ஸையும் வகுக்க வேண்டும், ஆகவே இரண்டு இல்லை. மிச்சம் ஒன்று. ஆனால் அந்த ஐடியலில் உள்ள எல்லாக் கோவைக்கும் மாறிலி இரட்டை எண். ஒன்று அதில் இருக்க வழியில்லை. முடிந்தது. எல்லா ஐடியலையும் ஒரே உறுப்பால் உருவாக்க முடிகிற வளையத்தைப் பிஐடி என்பார்கள். நான் "பிஐடி இல்லை சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். "இல்லை என்பதைத்தான் கேட்கிறேன்" என்றார். முதல் நேர்முகத்தில் விட்ட இடம் அது. வரையறையைப் போர்டில் எழுதி, அங்கிருந்து நகர்ந்தாலே பாதி வேலை முடிந்தது என்பது இரண்டாவது முறைதான் உறைத்தது.

தோழியிடம் ஈயின் கண்ணில் வெளிச்சம் பட்டதும் என்ன நடக்கும் என்று வரையச் சொன்னார்கள். அவள் பாடப் புத்தகத்தில் உள்ளபடி பிஎல்சி, பிப்-2, ஐபி-3, கால்சியம் என்று வரைந்தாள். பிஎல்சி இல்லாத ஈக்குப் பார்வை இல்லை என்பதையும் சொன்னாள். அடுத்த கேள்வி: "ஐபி-3 ரிசெப்டரை நீக்கிய ஈயும் வெளிச்சத்துக்கு ஒழுங்காகவே பதில் கொடுக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?" அவள் வரைந்த அம்புக்குறியை அழித்துவிட்டு, "அப்படியென்றால் இந்தக் கிளை இல்லை. பிப்-2 குறைவதோ டிஏஜி பக்கமோ இருக்க வேண்டும். எதுவென்று எனக்குத் தெரியவில்லை" என்றாள். அங்கேதான் இடம் கிடைத்தது. தெரியாததை மழுப்பியவர்கள் வெளியே வந்து, நன்றாகச் செய்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

7. சேர்ந்த பிறகு முதல் ஆறு மாதம்

கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். மொத்தப் படிப்புக்குக் குறைந்தபட்சம் மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடச் சலுகையும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் இருக்கின்றன. செமஸ்டருக்கு ஒரு முறை ஆலோசனைக் குழுவின் முன் நிற்க வேண்டும். அந்த அறிக்கையில் கையெழுத்து வாங்கிய அன்றே ஸ்கேன் செய்து வையுங்கள், பிறகு தொலைந்துபோனால் தேடித் தருபவர் யாரும் இல்லை.

ரிங் தியரிக்காரர்களுக்கு இதற்கு மேல் அதிகம் சொல்ல இல்லை. உட்கார்ந்து பயிற்சிக் கணக்குகளைப் போடுங்கள். லோக்கலைசேஷன், நாகயாமா லெம்மா, இன்டெக்ரல் எக்ஸ்டென்ஷன் மூன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

லேபுக்குப் போகிறவர்களுக்குத்தான் வேலை அதிகம். வாங்க வேண்டிய பொருளுக்கு மூன்று மேற்கோள், கொள்முதல் குழு, வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் கஸ்டம்ஸ். இன்று எழுதிக் கொடுத்த ரீஏஜென்ட் இரண்டு மாதம் கழித்து வரலாம். எலியில் வேலை என்றால் விலங்கு நெறிக் குழுவின் அனுமதி வேண்டும், அந்தக் குழு தினமும் கூடாது. சேர்ந்த முதல் மாதமே படிவத்தைத் தொடங்குங்கள். ஈயில் வேலை என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மரபணு மாற்றம் இருந்தால் உயிரியல் பாதுகாப்புக் குழு உண்டு. மனித ரத்த மாதிரி தொடப் போகிறீர்கள் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். மூன்று ஊசியும் முடிய ஆறு மாதம் ஆகும்.

அப்புறம் குளோரோஃபார்ம். செல்லிலிருந்து லிப்பிட்டைப் பிரிக்க இரண்டு பங்கு குளோரோஃபார்ம், ஒரு பங்கு மெத்தனால் சேர்ப்பார்கள். உப்புத் தண்ணீர் விட்டுச் சுழற்றினால் மேலே தண்ணீரும் மெத்தனாலும், நடுவில் வெள்ளைத் தட்டு மாதிரி புரதம், அடியில் குளோரோஃபார்மில் லிப்பிட். அந்த அடியை மட்டும் எடுக்க வேண்டும். தோழி முதல் நாள் அதைப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் குழாயில் ஊற்றினாள். பாலிஸ்டைரீன் குழாய். கொஞ்ச நேரத்தில் மங்கி, கொழகொழவென்று ஆகி, மூன்று நாள் வளர்த்த செல்கள் மேசையில் வழிந்தன. கண்ணாடிக் குழாய் மட்டும்தான். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புவதாக இருந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்தது உங்கள் மாதிரியைவிடப் பெரிய சிகரமாக வந்து நிற்கும். பிப்-2 வேண்டுமென்றால் கரைப்பானில் அமிலமும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது தண்ணீரோடு மேலே போய்விடும்.

8. கட்டுரை வெளியிடும்போது

யுஜிசியின் 2022 விதியில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்துக்கொள்ளலாம், பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். சேரும்போதே அந்த விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். ஏற்கத்தக்க இதழ்கள் எவை என்று முன்பு எல்லோரும் பார்த்த யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள், அதனால் எந்த இதழ் செல்லும் என்பதை இப்போது உங்கள் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்க வேண்டும்.

"பத்து நாளில் வெளியீடு, கட்டணம் மூவாயிரம்" என்று வாட்ஸ்ஆப்பில் வரும். அழித்துவிடுங்கள். நல்ல கணித இதழ்கள் பெரும்பாலானவை ஆசிரியரிடம் பணம் கேட்பதில்லை, பதிலுக்குக் காலம் கேட்கும். உயிரியலில் ஓபன் அக்சஸ் இதழ்கள் டாலரில் ஆயிரக்கணக்கில் கேட்பது நிஜம்தான். அதை லேப் கட்டும், மாணவர் அல்ல. அனுப்பும் அன்றே ஆர்க்கைவிலோ பயோஆர்க்கைவிலோ போட்டுவிட்டால் தேதி உங்கள் பெயரில் பதிவாகிவிடும், செலவும் இல்லை.

என் முதல் கட்டுரை ரெஃப்ரியிடம், அதாவது இதழுக்காக மதிப்பிடுபவரிடம், போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. தோழியுடையது மூன்று மாதத்தில் திரும்பி வந்தது, இன்னும் ஒரு சோதனை கேட்டு. அதற்கான ஆன்டிபாடிக்கு நேற்றுதான் கொள்முதல் குழு கையெழுத்துப் போட்டது.